பதினேழாவது அறை

கிடினியாத் துறைமுகத்தில் காற்று
நொடிக்கு இருபது மீட்டரைத் தாண்டினால்
கிரேன்களை நிறுத்திவிடுவார்கள்.
இன்று தாண்டியது.
நான்கு மணிக்கே இருட்டிவிட்ட வீட்டில்
பழைய கன்சோலைத் தூசி தட்டினேன்.

அதே நிலவு. காற்றில்லாத, பெயரில்லாத ஒன்று.
அதே வானிலை நிலையம்.
வானமே இல்லாத ஊரில் வானிலை எதற்கு என்று
அன்று ஹால்ஷ்கா கேட்டாள்.
நான் சுட்டுக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

பையில் ஆறு இடம்தான்.
தோட்டா, தோட்டா, டார்ச், கட்டுத்துணி, சாவி,
பிறகு யாரோ ஒருத்தியின் புகைப்படம்.
எதற்கும் உதவாது. கீழே போடவும் ஆட்டம் விடாது.
முதல் தடவை அதைத் திட்டித் தீர்த்தேன்,
ஒரு தோட்டாப் பெட்டியின் இடத்தை அடைக்கிறதே என்று.
அதைத் திருப்பிப் பார்க்கலாம் என்பது
இன்றுதான் தெரிந்தது.
பின்னால் ஒரு தேதி, விரலால் தேய்த்து அழித்தது.

இரண்டாம் தடவை பயம் வேலைக்கு வருவதில்லை.
எந்தக் கதவுக்குப் பின்னால் எது நிற்கிறதென்று
கட்டைவிரலுக்கு என்னைவிட முன்னதாகத் தெரியும்.
பயம் காலி செய்துவிட்டுப் போன இடத்தில்,
சட்டம் மாட்டியிருந்த சுவரின் வெளுப்பைப் போல,
வேறொன்று தெரிகிறது:
இரண்டாம் தளத்து நடைவழியில்
முகம் உருகிய அந்த ஆள்
தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.
அப்போதும் துடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.
டார்ச்சை அணைத்தேன்.
வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டான்.

பத்தொன்பது வயதில்
அவனுக்கு நான்கு தோட்டா செலவழித்தேன்.

அந்த நாட்களில் வரைபடம் ஹால்ஷ்காவின் பொறுப்பு.
ஆட்டம் எதையும் வரைந்து தராது.
விடுதியில் ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர்;
கட்டம் போட்ட கணக்கு நோட்டில்
ஐந்து எட்டுக்கு ஒரு கட்டம் என்று
பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு வரைவாள்.
"மெதுவாகப் போ, போக்னா. மூலையை நீ பார்க்கவில்லை."
நான் ஓடுவேன்.
பார்க்காத மூலைகளை
அவள் புள்ளிக்கோட்டால் ஊகித்து மூடுவாள்.

மார்ச்சில் அறையைக் காலி செய்தேன்,
அவள் தேர்வெழுதப் போயிருந்த நேரம் பார்த்து.
சாவியை மேசைமேல் வைத்தேன்.
நோட்டு என் பெட்டிக்குள் எப்படி வந்ததென்று தெரியாது
என்றுதான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன்.
எடுத்துக்கொண்டேன்.

இப்போது அது என் முழங்காலில்.
பதினாறு அறைகளும் சரி, ஒரு கட்டம் பிசகில்லை.
பதினேழாவது, கொதிகலன் அறைக்கு மேற்கே:
புள்ளிக்கோடு இல்லை, அழுத்தமான முழுக்கோடு.
நடுவில், எறும்பளவில், இரண்டு நாற்காலி.

ஆட்டத்தில் அங்கே சுவர்.
ஒவ்வோர் எட்டாக உரசிப் பார்த்தேன்.
பொத்தானை அழுத்தினால் ஒரே வாசகம்:
ஈரமான சுவர். வேறொன்றுமில்லை.
டார்ச்சை ஏற்றி, அணைத்து,
தோட்டாக்களையெல்லாம் தரையில் கொட்டி,
புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அழுத்தினேன்.
ஈரமான சுவர். வேறொன்றுமில்லை.

தப்பாக எண்ணியிருக்கலாம்.
நான் தூங்கிவிட்ட ஏதோ ஓர் இரவில்
தனியாக விளையாடி
அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.
கதவை மட்டும் வரையவில்லை.
மறந்திருக்க மாட்டாள்,
கதவுகளில் அவள் கறார்.

சேமிக்கும் அறை இரண்டு திருப்பம் தள்ளி.
போகவில்லை.
திரையில் என் ஆள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள்.
எதையும் தொடாமல் விட்டுவைத்தால்
தலையைச் சற்றுச் சாய்த்து
எதற்கோ காதுகொடுப்பது போல
ஓர் அசைவு வைத்திருக்கிறார்கள் அவளுக்கு.
முன்பு பார்த்ததே இல்லை.
நான் எங்கே நின்றேன்.

ஜன்னலில், ஓடாத கிரேன்களின் உச்சியில்
சிவப்பு விளக்குகள், ஒன்று விட்டு ஒன்று.
பின்னால், நடைவழியில்,
வாளி உரசும் சத்தம்
மெல்ல நெருங்கி வருகிறது.
டார்ச்சை நான் ஏற்றவில்லை.